இது இன்னா தெரியுது?

அவர் என்னிடம் முதன்முதலில் பேசியதே ஒரு கேள்விதான். வேலையில் சேர்ந்த அன்று எனக்கான நாற்காலி வந்து சேரவில்லை. சுவரோரமாக, நிற்பதற்குத்தான் சம்பளம் என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். பக்கத்து மேசையிலிருந்த பெண்மணி தன் திரையை என் பக்கம் திருப்பினார்.

"சார், இது இன்னா தெரியுது?"

திரையில் கட்டைவிரல் நகத்தளவு ஒரு படம். ஒரு வளையம், அதற்குள் புகுந்து வெளியே வரும் இன்னொரு வளையம். நான் தமிழில் எம்.ஏ. படித்தவன். படிமம், குறியீடு என்றெல்லாம் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவன். அந்தக் கல்வியனைத்தையும் திரட்டி, "ஜிலேபி" என்றேன்.

அறை சிரித்தது. அது சங்கிலியாம். ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தொடுப்புக் கொடுக்கும் சங்கிலி. சிரிக்காத ஒரே ஆள் அவர்தான். "ஜிலேபி" என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு அந்தப் படத்தை அழித்துவிட்டு முதலிலிருந்து வரைய ஆரம்பித்தார். எனக்குப் பதறிவிட்டது.

"இல்லைங்க, நான் சரியாப் பாக்கலை. சங்கிலியேதான்."

"நீங்க சரியாத்தான் பார்த்தீங்க சார். படந்தான் சரியா இல்ல."

அவருடைய வேதம் முழுக்க இந்த ஒரு வரிதான். புரியவில்லை என்றால் வரைந்தவர் தப்பு. பார்த்தவர் தப்பே கிடையாது. இதை அவர் தொழிலுக்கு மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் நாங்கள் எல்லோரும் நிம்மதியாக இருந்திருப்போம்.

பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் இணையத்தில் தேடுவீர்கள், கிடைக்கவும் மாட்டார். ஆயிரக்கணக்கான பேர் விரல் வைத்த படங்களை வரைந்தவர், தன் படத்தை மட்டும் எங்கும் போட்டதில்லை. எங்கள் தளத்தில் அவர் பெயருக்குப் பக்கத்தில், படம் போடாதவர்களுக்கென்று அவரே வரைந்து வைத்த சாம்பல் நிறத் தலை ஒன்றுதான் கடைசிவரை இருந்தது.

இரண்டாயிரத்தின் முதல் சில ஆண்டுகள் அவை. பார்த்த இடத்திலெல்லாம் வலைப்பதிவு எழுதினார்கள். எழுதத் தெரியாதவர்கள் எழுதினார்கள். எழுதத் தெரிந்த சிலர்கூட எழுதினார்கள். எனக்கும் ஒரு நகைச்சுவை வலைப்பதிவு இருந்தது. அதற்கு வருபவர்களில் பாதிப்பேர் நான். மீதிப்பேர் வேறெதையோ தேடி வழி தவறி வந்தவர்கள். பெங்களூர் இந்திராநகரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இயங்கிய எங்கள் கம்பெனி, ஐந்து இந்திய மொழிகளில் வலைப்பதிவு எழுதுவதற்கான தளம் ஒன்றை நடத்தியது. முதலாளி கோயம்புத்தூர்க்காரர். அமெரிக்காவில் படித்துவிட்டு வந்து, இந்தியாவுக்குக் கை கால் கண் மூக்கெல்லாம் இருக்கிறது, வலைப்பதிவுதான் இல்லை என்று கண்டுபிடித்திருந்தார். தமிழ்ப் பகுதியில் பொத்தான்களின் மேல் வரும் சொற்களை எழுதுவது என் வேலை.

அந்த வேலையை நான் சிறப்பாகச் செய்தேன். அதனால்தான் அது போயிற்று. 'மறுமொழியிடுக' என்று எழுதினேன்; அது பொத்தானைவிட்டு வெளியே வந்து பக்கத்துப் பொத்தான்மேல் கால் நீட்டிப் படுத்தது. 'முன்னோட்டம் காண்க' திரையைத் தாண்டியே போய்விட்டது.

"ஏனுங்க, தமிழ்ல சின்ன வார்த்தையே இல்லீங்களா?" என்றார் முதலாளி.

"இருக்குங்க. எல்லாம் சங்க இலக்கியத்துல இருக்கு."

"அப்ப அது அங்கயே இருக்கட்டுங்க. நாம படம் போட்டுக்கலாம்."

அன்றோடு எல்லா மொழிகளிலும் பொத்தான்மேல் சொல் இல்லை, படம் மட்டும்தான் என்று முடிவாயிற்று. என் அதிகாரம் முழுக்கப் பக்கத்து மேசைக்குப் போனது.

அவர் ஜோகுபாளையத்துக்காரர். பிறந்தது, படித்தது, கல்யாணமாகிப் போனது எல்லாம் ஒரே வார்டுக்குள். பழைய மெட்ராஸ் ரோட்டைத் தாண்டி நடந்தே ஆபீஸ் வருவார். கன்னடக்காரர்களிடம் கன்னடம், ஆட்டோக்காரரிடம் தக்கினி உருது, எங்களிடம் தமிழ். மூன்றிலும் ஒரே அதட்டல். படம் வரையும்போது மட்டும் எந்த மொழியும் இல்லாமல் உட்கார்ந்திருப்பார். நகத்தளவுப் படத்தை அவர் திரை முழுக்கப் பெரிதாக்கினால் ஒவ்வொரு புள்ளியும் குளியலறை ஓடு அளவுக்கு வரும். ஓர் ஓட்டைப் பெயர்த்து இன்னோர் இடத்தில் பதிப்பார். பின்னால் சாய்ந்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். மறுபடி பெயர்ப்பார். ஒரு புள்ளி இருந்தால் கடித உறை, அதை எடுத்துவிட்டால் தலையணை என்கிற நிலையில் அவர் ஒரு முழு மதியத்தைச் செலவழித்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்த மதியம் நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள்.

படம் முடிந்ததும் ஒரு சின்னத் தாளில் அச்செடுத்துக்கொண்டு படியிறங்கிவிடுவார். கீழே பேக்கரிக்காரர், காவலாளி, எதிர் வாடகைவீட்டில் துணி தேய்ப்பவர், பூ விற்கும் அம்மா. ஒவ்வொருவரிடமும் அந்தத் தாளை நீட்டி, "இது இன்னா தெரியுது?" தப்பாகச் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு மேலே வந்து அழித்துவிடுவார். பூக்காரம்மா ஒருமுறை, தேடலுக்காக வரைந்த பூதக்கண்ணாடியைப் பார்த்து, "ஆப்பக் கரண்டி" என்றார். எங்கள் தளத்தில் தேடல் ஒரு வாரம் தள்ளிப்போனது.

ஒருமுறை ஆபீஸே கூடி நூறடி ரோட்டில் புதிதாகத் திறந்த உணவகத்துக்கு மதியச் சாப்பாட்டுக்குப் போனோம். கழிப்பறைக் கதவுகளில் எழுத்து கிடையாது. ஒன்றில் சூரியன், இன்னொன்றில் பிறை. நான் கொஞ்சம் யோசித்தேன். சந்திரன் ஆண்பால் என்று முடிவுசெய்து, ஆயிரம் ஆண்டுப் புராணத்தின் துணையோடு உள்ளே போனேன். அலறல் கேட்டது. என்னுடையதும் அதில் சேர்த்தி. வெளியே வந்தபோது எங்கள் மேசை முழுக்கக் கைக்குட்டையை வாயில் வைத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது. அவர் மட்டும் எழுந்து நேராக மேனேஜரிடம் போனார்.

"சார் மேல தப்பில்ல. நிலாவப் பார்த்து ஆம்பளையா பொம்பளையான்னு எப்டி தெரியும்? உங்களுக்குத் தெரியுமா? சொல்லுங்க பார்க்கலாம்."

"மேடம், அது ஒரு தீம்..."

"தீம் நக்கோ, வேணாம். ஒரு புடவை வரைங்க, ஒரு பேண்ட்டு வரைங்க. மனுஷன் அவசரத்துல வர்ற இடம் இது. யோசிக்கிற இடமா?"

என் வாழ்நாளில் என் சார்பாக ஒருவர் இவ்வளவு உறுதியாகப் பேசியது அதற்கு முன்பு இல்லை. பின்பும் இல்லை. ஆனால் அந்த வேதம் இரு பக்கமும் வெட்டும். ஒருநாள் வீட்டில் நான் சொன்னதை மனைவி வேறு மாதிரி எடுத்துக்கொண்டுவிட்டதாக அவரிடம் புலம்பினேன்.

"இன்னா சொன்னீங்க?"

சொன்னேன்.

"அத கேட்டா யாருக்கும் அப்டித்தான் தோணும். நீங்க சரியா வரையல சார்."

என் நகைச்சுவைப் பதிவுகளையும் அவர் இந்தத் தராசில்தான் வைத்தார். படித்துவிட்டு, "சிரிப்பு வர்ல" என்பார். இதில் உள்ள அங்கதம் நுட்பமானது, இரண்டாம் முறை படித்தால் தெரியும் என்று விளக்குவேன். "ஜிலேபின்னா ஜிலேபிதான் சார்" என்று திரும்பிக்கொள்வார்.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று ஒரு மதியம்தான் தெரிந்தது. யாரோ கேட்டார்கள், இதற்குமுன் எங்கே வேலை பார்த்தீர்கள் என்று. அவர் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார். பீன்யாவில் ஒரு தொழிற்சாலை. எந்திரங்களில் ஒட்டுகிற எச்சரிக்கைப் படங்கள் வரைகிற வேலை. ஓர் அழுத்து எந்திரத்துக்கு, இங்கே கை வைக்காதே என்பதற்காகச் சிவப்பு வட்டத்துக்குள் விரித்த கை ஒன்றை வரைந்திருக்கிறார். குறுக்கே ஒரு கோடு இருந்தது. கையின் அழகை அது கெடுக்கிறது என்று எடுத்துவிட்டார். புதிதாகச் சேர்ந்த ஒரு தொழிலாளி, எந்திரம் ஓட வேண்டுமென்றால் கையை அங்கேதான் வைக்க வேண்டும் என்று நினைத்து வைத்துவிட்டார். விரல் நுனி போயிற்று.

"படத்த கவனிக்கலன்னு அவர் மேலயே தப்புன்னு எழுதிட்டாங்க. அவர் கவனிச்சாரு சார். நல்லா கவனிச்சதாலதான் வெச்சாரு."

அவர் தன் டப்பாவை நகர்த்தி, "ரசம் யாருக்கு?" என்றார்.

இப்படிப்பட்டவர் வரைந்த ஒரு படம் தவறிப்போனது. அதுதான் நான் சொல்ல வந்தது.

அழிப்பதற்கான பொத்தான். மற்ற தளங்களில் வரிக்கோடு போட்ட வெளிநாட்டுக் குப்பைக்கூடை ஒன்று இருக்கும். அதை முதலில் வரைந்தபோது கீழே தெருவில் எல்லோரும் "லஸ்ஸி டம்ளர்" என்றார்கள். பல முறை அழித்து அழித்துக் கடைசியில் உருளையாக, மேலே கைப்பிடி வைத்த மூடியோடு ஒரு தகர டிரம் வரைந்தார். கீழே கொண்டுபோனார். பேக்கரிக்காரர் பார்த்த மாத்திரத்தில், "கசத புட்டி, மேடம்" என்று கன்னடத்தில் குப்பைக்கூடையைச் சொன்னார். காவலாளி ஒருபடி மேலே போய் "டெலிட்டு" என்றார். பூக்காரம்மாவும் "குப்ப" என்றார். எல்லோரும் ஒரே குரலில் சரியாகச் சொன்ன முதல் படம் அதுதான். கேக் வாங்கிக் கொண்டாடினோம்.

எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, இந்த ஜனங்களிடம்தான் இவர் ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று. அவர்கள் இப்போது தெருவாசிகள் அல்ல, நிபுணர்கள். இன்று என்ன படம் வரும், என்ன சொன்னால் மேடம் முகம் மலரும் என்று எங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. குப்பைக்கூடைக்காகத்தான் மேடம் ஒரு மாதமாகப் படியேறி இறங்குகிறார் என்று தெரு முழுக்கத் தெரியும்.

சில மாதங்கள் கழித்து ஒரு திங்கட்கிழமை ஆபீஸுக்குத் தொலைபேசி வந்தது. தமிழ் என்பதால் என்னிடம் கொடுத்தார்கள். வயதான பெண் குரல்.

"தம்பி, என் டிரம்ல இருந்து சாமான் காணாமப் போகுது."

தவறான எண் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"உங்க சைட்லதாம்பா எழுதறேன். எழுதினத எல்லாம் டிரம்ல வெச்சுப் பூட்டிடுவேன். நேத்து திறந்து பார்த்தா பழசெல்லாம் இல்ல. யாரு எடுத்தது?"

ரிச்சர்ட்ஸ் டவுனில் இருக்கும் ஓய்வுபெற்ற நர்ஸ் அவர். வார்டில் பார்த்ததையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தார். எங்கள் தளத்தில் நான் உண்மையாகவே விரும்பிப் படித்த பதிவுகள் அவை. கொஞ்ச நாளாக ஒவ்வொன்றாகக் காணாமல் போவதைப் பார்த்து, எழுதியவருக்கே பிடிக்கவில்லை போலும், எவ்வளவு கறாரான கலைஞர் என்று வியந்துகொண்டிருந்தேன்.

டிரம்முக்குள் போடுகிற எதையும் எங்கள் எந்திரம் ஒரு மாதம் வைத்திருக்கும். அதற்குப் பிறகு, வெள்ளிக்கிழமைதோறும் நடக்கும் சுத்தப்படுத்தலில் துடைத்துவிடும். நான் தொலைபேசியைக் கையால் மூடிக்கொண்டு பக்கத்து மேசையிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் ஒரு கணம் எந்தப் படமும் இல்லாத சாம்பல் நிறமாயிற்று. பிறகு குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அட்ரஸ் கேளுங்க சார். போலாம்."

நர்ஸம்மாவின் வீட்டில் கணினிக்கு, குரோஷா நூலில் பின்னிய உறை போட்டிருந்தது. மகன் துபாயிலிருந்து வாங்கி அனுப்பியதாம். உறையை மடித்து வைத்துவிட்டு, எங்களுக்குத் தேநீரும் காரபிஸ்கட்டும் வைத்துவிட்டு, தளத்தைத் திறந்து காட்டினார். என்னுடன் வந்தவர் அந்த டிரம்மின்மேல் விரலை வைத்தார்.

"இது இன்னா தெரியுதும்மா?"

நர்ஸம்மா அவரை, ஊசி போட வேண்டிய இடம் தெரியாத பயிற்சி நர்ஸைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "டிரம்மு. அரிசி டிரம்மு. உங்க வீட்ல இல்லியா?"

"குப்பத்தொட்டின்னு தோணலியா?"

"குப்பைக்கு யாரும்மா மூடி போடுவாங்க? மூடி போட்டா உள்ள நல்லது இருக்குன்னு அர்த்தம். எலி போகக்கூடாதுன்னு அர்த்தம்."

"எழுதினது வெளிய இருந்து மறைஞ்சுடுச்சே, அப்பகூட சந்தேகம் வர்லியா?"

"ஏன் வரணும்? வந்தவங்க படிச்சிட்டாங்க. விசேஷம் முடிஞ்சா நல்ல பாத்திரத்தக் கழுவி உள்ள வைக்கறதில்லியா? அப்படித்தான்."

ரிச்சர்ட்ஸ் டவுனில் வீட்டுக்குள் இருக்கும் குப்பைக்கு ஓர் உடைந்த பிளாஸ்டிக் வாளி. தெருக் குப்பைக்குச் சிமெண்டுத் தொட்டி, திறந்த வானம். மூடியும் கைப்பிடியும் வைத்த டிரம் அரிசிக்குத்தான், பருப்புக்குத்தான், கல்யாணப் புடவைக்குத்தான். என் வீட்டிலும் அப்படியேதான். ஆனாலும் நான் அதைப் பார்த்து ஒருநாளும் அரிசியை நினைத்ததில்லை. எனக்குத்தான் விடை முன்பே தெரியுமே.

"அப்ப வேண்டாம்னு நெனைக்கிற காயிதத்த இன்னா பண்ணுவீங்க?"

"கிழிச்சிடுவேன்."

அவர் தலையசைத்தார். கிளம்பும்போது நர்ஸம்மா வாசல்வரை வந்தார். "இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தேம்மா. டைரி எழுதின பழக்கமில்ல. இதுல இருக்கறது மட்டுந்தான். கிடைக்குமா?"

"கிடைக்கும்" என்றார் அவர். எப்படி என்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

ஆபீஸில் நிரலாளர் பையன் விவரம் சொன்னான். தளத்தில் எழுதுவதெல்லாம் வேறொரு கணினியில் ஒரு நகலாகச் சேர்கிறது, துடைத்தவை உட்பட. போனதை அதிலிருந்து மீட்கலாம். ஆனால் தளத்தை மூன்று நான்கு நாள் மூட வேண்டும். ஆறு மாதத்துக்கொருமுறை அதைப் புதுப்பிப்பார்கள்; இந்த வெள்ளிக்கிழமை வந்தால் பழைய நகலின்மேல் புது நகல் ஏறிவிடும், பிறகு தெய்வமே வந்தாலும் முடியாது. "பாஸ் ஹேளித்ரே மாட்தீனி, மேடம்" என்றான். முதலாளி சொன்னால் செய்வான். நாங்கள் சொன்னால் செய்யமாட்டான்.

முதலாளி சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும். வியாழக்கிழமை மும்பையிலிருந்து கம்பெனியில் பணம் போடுகிறவர்கள் தளத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. தெரிந்திருந்தும் அவர் பின்னாலேயே முதலாளியின் அறைக்குள் போய், கதவுக்கு மிக அருகில் நின்றுகொண்டேன்.

"இது யூசர் எரருங்க" என்றார் முதலாளி. "டெலிட் அமுத்தினாங்க. டெலிட் ஆச்சு."

"அவங்க டெலிட் அமுத்தல சார். டிரம்ம அமுத்தினாங்க. நான் டிரம் வரைஞ்சேன். தப்பு என்னுது."

"ஒருத்தங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டா..."

"ஒருத்தங்க இல்ல சார். நம்மளத் தவிர எல்லாரும். நீங்க யாரையாவது கேளுங்க. இந்தத் தெருவுல இருக்கறவங்க நக்கோ, அவங்க நம்ம ஆளுங்க ஆயிட்டாங்க. தெரியாதவங்க யாரையாவது கேளுங்க."

முதலாளிக்கு அவர் தவறென்று நிரூபிக்க ஒரு வாய்ப்புக் கிடைத்த உற்சாகம். தளத்தில் ஆட்கணக்குக் கூடவேண்டும் என்று எங்கள் எல்லோருடைய சொந்தக்காரர்களையும் அவர் சேர்க்க வைத்திருந்தார். தன் அம்மாவையும் சேர்த்திருந்தார். தொலைபேசியின் ஒலிபெருக்கியை அழுத்தி, கோயம்புத்தூருக்குப் போட்டார்.

"அம்மா, நம்ம சைட்ல டிரம்மாட்டம் ஒரு படம் இருக்குதில்ல? அது என்னன்னு சொல்லு பாக்கலாம்."

"டிரம்மாட்டம் என்னங்கண்ணு, டிரம்மேதான். ஏன் கேக்கற?"

முதலாளி கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதுல எதாச்சும் போட்டிருக்கிறியா?"

"ஊறுகாப் பக்குவம், உங்க அப்பாரு சங்கதி, நல்லா வந்ததெல்லாம் அதுக்குள்ளதான். சுமாரா வந்தத வெளியவே உட்டுட்டேன், போறவாறவிய படிச்சுட்டுப் போறாங்க." கொஞ்சம் இடைவெளி. "பத்திரமா இருக்குதில்ல சாமி?"

முதலாளி எங்களைப் பார்க்கவில்லை. தொலைபேசியைத்தான் பார்த்தார்.

"இருக்குதும்மா" என்று சொல்லி வைத்தார். நிரலாளர் பையனைக் கூப்பிட்டு, "இப்பவே மூடிருங்க" என்றார்.

டிரம்களைத் திறந்து பார்த்தபோதுதான் நிலவரம் தெரிந்தது. தமிழ், கன்னடம், தெலுங்கு என்று ஐந்து மொழிகளிலும் யார் பார்த்துப் பார்த்து எழுதினார்களோ அவர்கள் டிரம்தான் நிரம்பி வழிந்தது. எங்கள் தளத்தின் மிகச் சிறந்த எழுத்து முழுவதும் குப்பையில் இருந்தது. என் பதிவுகள் அத்தனையும் முன்வாசலில் பத்திரமாக இருந்தன. இதை அவர் கவனித்தார், எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தளம் மூடியிருக்கும் நாட்களில் முகப்பில் போட ஓர் அறிவிப்பு எழுதித் தரச் சொன்னார்கள். 'சில பயனர்கள் தவறுதலாக' என்று ஆரம்பித்தேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"யாரு தவறுதலா?"

"ஒரு மரியாதைக்காக..."

"யாருக்கு மரியாத? நமக்கா?"

அடித்துவிட்டு, படம் தவறாக வரையப்பட்டிருந்தது, மன்னியுங்கள் என்று மட்டும் எழுதினேன். மும்பைக்காரர்கள் வியாழக்கிழமை வந்து பார்த்தது அந்த வரியைத்தான். கேக்கும் காபியும் சாப்பிட்டுவிட்டு, மிகவும் நேர்மையான கம்பெனி என்று பாராட்டிவிட்டு, வேறொரு கம்பெனியில் பணத்தைப் போட்டார்கள்.

அடுத்தது புதுப் படம். டிரம்மை எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் எடுக்கவில்லை. "அவங்க வெச்ச அர்த்தந்தான் சரி. டிரம் இருக்கட்டும், அதுல போட்டா என்னிக்கும் போவக்கூடாது. எந்திரத்த மாத்துங்க" என்று சொல்லிவிட்டார். படம் பார்த்தவர்களுக்கு ஏற்றபடி, ஒரு தளத்தின் வேலையே மாறியதை நான் அன்றுதான் பார்த்தேன். அழிப்பதற்கு மட்டும் கிழிந்த காகிதம் ஒன்றை வரைய உட்கார்ந்தார். அந்த நகத்தளவில் கிழிசல் வருவது சுலபமில்லை. இம்முறை பேக்கரிப் பக்கமே போகவில்லை. அல்சூர் பஸ் நிறுத்தத்தில் போய், தன்னைத் தெரியாத முகங்களாகப் பார்த்து நீட்டினார். துணைக்கு நானும் போனேன். ஒருவர் "பல்லு" என்றார். இன்னொருவர் "மலை" என்றார். ஒருவர், நாங்கள் ஏதோ கட்சிக்குச் சின்னம் தேடுவதாக நினைத்து, "இதுக்கெல்லாம் ஓட்டு விழாது" என்றார். அவர் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிவந்து ஓடுகளைப் பெயர்த்தார். கடைசியில் காய்கறிப் பையோடு நின்றிருந்த ஒரு பெண் தாளைக் கையில் வாங்கிப் பார்த்து, "ஐயோ, கிழிச்சுட்டாங்களே. இன்னா எழுதியிருந்துச்சு?" என்று கேட்டார்.

"முடிஞ்சுது, வாங்க சார்" என்றார்.

சனிக்கிழமை காலை ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு மறுபடி போனோம். நர்ஸம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு டிரம்மைத் திறந்தார். போனதெல்லாம் இருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து, கடைசி வரிவரை வந்திருக்கிறதா என்று பார்த்து, "ம்" என்று சொல்லி மூடினார். குழந்தைகளைத் தலை எண்ணி வகுப்புக்குள் அனுப்புவதுபோல இருந்தது. என்னோடு வந்தவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, திரையைப் பார்க்காமல் நர்ஸம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு பதிவில் நர்ஸம்மா நின்றார். எனக்கு அது தெரியும். அறுவைச் சிகிச்சைக்குப் போகிற ஒருவர், தான் திரும்பி வராவிட்டால் தன் மனைவியிடம் சொல்லும்படி ஒரு விஷயத்தை நர்ஸிடம் சொல்லிவிட்டுப் போகிறார். பிழைத்து வந்துவிடுகிறார். வீட்டுக்குப் போகிற நாளில் நர்ஸை மெல்லக் கூப்பிட்டு, அன்று சொன்னதை மறந்துவிடச் சொல்கிறார். அவ்வளவுதான் பதிவு. அந்தத் தளத்தில் ஐந்து மொழிகளிலும் சேர்த்து அதைவிட நல்லதாக ஒன்று வந்ததென்று எனக்குத் தோன்றவில்லை.

நர்ஸம்மா அதை முழுக்கப் படித்தார். பிறகு சுட்டியைக் கிழிந்த காகிதத்தின்மேல் கொண்டுபோனார்.

"அம்மா, அது கிழிக்கிறதும்மா" என்றேன் நான். "அதுல போட்டா திரும்ப வராது."

"தெரியுது தம்பி. கிழிச்ச பேப்பர் போட்டிருக்கே."

"ரொம்ப நல்ல பதிவும்மா அது."

"நல்லாத்தான் எழுதியிருக்கேன். மறந்துடுங்க சிஸ்டர்னு கையப் புடிச்சுச் சொன்னாரு அவரு. சரின்னு சொல்லிட்டு, ஒண்ணு விடாம எழுதி வெச்சிருக்கேன் பாரு."

அழுத்தினார். நிச்சயமாகவா என்று தளம் கேட்டது. அந்தக் கேள்வியை எழுதியவன் நான்தான். நிச்சயமாக என்றார். பதிவு போய்விட்டது. உறையை எடுத்துத் திரைமேல் போட்டு, ஓரங்களைச் சரிசெய்துவிட்டு, தேநீர் வைக்க உள்ளே போனார்.

எங்களால் மீட்கப்பட்டு, எங்கள் கண்ணெதிரிலேயே போன அந்தப் பதிவின் முதல் வரியை மனசுக்குள் திரட்டிப் பார்த்தேன். பாதிதான் வந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்லுவார் என்று பக்கத்தில் திரும்பினேன். அவர் முகத்தில், அத்தனை மாதத்தில் ஒருமுறைகூட நான் பார்த்திராத முழுச் சிரிப்பு ஒன்று இருந்தது.

"விரல் தயங்கவேயில்ல, பார்த்தீங்களா சார்?" என்றார்.